விற்கிறவருக்கு அது எப்படி வந்தது?

செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் அறை அதிசயமில்லை. வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கு ஒன்றாக ஒதுக்கியவை. அந்த மகன்களின் பேரன்களில் ஒருவர் இப்போது சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்று பங்காளிகளுக்கே சரியாகத் தெரியாது. அறைக்குள் பெட்டகமும் பீங்கான் பூச்சுப் போட்ட மங்குச் சாமானும் பித்தளை அண்டாவும் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறப்பார்கள். தூசி தட்டி, எண்ணிப் பார்த்து, மறுபடி பூட்டிவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ‘கேட்பாரற்ற சாமான் ஏலம்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் அது சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்கிறது. பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு வாங்கிய பெட்டிக்குள் வெள்ளிக் குத்துவிளக்கு இருந்தது, கட்டில் காலுக்குள் பவுன் காசு இருந்தது என்று ஏதாவது ஒரு கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. நடந்தவையும் உண்டு, வாய் மாறி வாய் மாறிப் பெருத்தவையும் உண்டு. அந்த ஆசை நெஞ்சில் இருக்கும்போது, தூத்துக்குடித் துறைமுகத்தில் யாரும் எடுக்காத கண்டெய்னர், விமான நிலையத்தில் விட்டுப் போன சூட்கேஸ், வங்கியில் மீட்காத நகை, கிட்டங்கியில், அதாவது சேமிப்புக் கிடங்கில், வாடகை கட்டாமல் கிடக்கும் வீட்டுச் சாமான் என்று யாராவது ஆசை காட்டினால், நம்பத் தோன்றுவது இயல்பு. அப்படி நம்பிப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நன்றாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள், கடை நடத்தியவர்கள், யாரையும் ஏமாற்றாதவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் நான் அங்கேதான் இருப்பேன். யாராவது ஒரு சாமானைக் கொண்டுவந்தால் அவர் அதைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால், கொண்டுவந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, “இது உங்ககிட்ட எப்படி வந்துச்சுங்க?” என்று கேட்பார். சரியான பதில் வந்தால்தான் சாமானைத் தொடுவார். வீட்டுச் சாமான் மொத்தமாக விலைக்கு வருகிறது என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பார்ப்பார். பங்காளிகள் எத்தனை பேர், எல்லாருக்கும் சம்மதமா என்று விசாரிப்பார். சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் முன்பணம் கொடுப்பார். ஒரு தடவை அருமையான தேக்குப் பெட்டகம் ஒன்றை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. “சாமான் நல்ல சாமான்தான்டா. அவர் குடுக்க முடியாது” என்றார்.

கேட்பாரற்ற சாமான் விஷயத்தில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு மலிவு என்பதெல்லாம் பிறகு. அதை விற்கும் உரிமை விற்கிறவருக்கு எந்த வழியில் வந்தது என்பதுதான் முதல் கேள்வி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது: தன்னிடம் இருப்பதைவிடக் கூடுதலான உரிமையை விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்க முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அடிப்படை இதுதான். திருட்டுச் சாமானை நீங்கள் நல்ல விலை கொடுத்தே வாங்கியிருந்தாலும் அது உங்களுடையது ஆகாது. திருட்டு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமலோ வாங்கினால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் அது குற்றம். பூட்டிக் கிடக்கும் வீடுகள் இத்தனை இருக்கிற எங்கள் பகுதியில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சாமான் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதாலேயே அதை யாரும் விற்றுவிட முடியாது. அதற்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாதை இருக்கிறது. நோட்டீஸ், காத்திருப்பு, மதிப்பீடு, அறிவிப்பு என்று அது நீளும். ஏமாற்றுக்காரர்களிடம் அந்தப் பாதைக்கான காகிதம் எதுவும் இருக்காது. ‘கடைசி நாள் இன்னைக்குத்தான்’ என்கிற அவசரம் மட்டும் இருக்கும்.

துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எங்கள் பக்கம் அதிகம் பேர் மாட்டுவது அதில்தான். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 48ஆம் பிரிவு இருக்கிறது. கப்பலிலிருந்து இறக்கிய சரக்கை 30 நாளுக்குள் யாரும் எடுக்கவில்லை என்றால், இறக்குமதியாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியும் வாங்கி, சரக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை விற்கலாம். விற்ற பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று 150ஆம் பிரிவு வரிசை போட்டுச் சொல்கிறது. முதலில் விற்பனைச் செலவு, அடுத்து கப்பல் கம்பெனிக்குச் சேர வேண்டியது, அடுத்து சுங்க வரி, அப்புறம் சரக்கை வைத்திருந்ததற்கான கட்டணம். எல்லாம் போக மீதி இருந்தால் சரக்கின் சொந்தக்காரருக்கு.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கப்பல் கம்பெனி, அரசு, துறைமுகக் கிட்டங்கி என்று இத்தனை பேர் அந்த விற்பனைப் பணத்தை நம்பி நிற்கிறார்கள். விலை குறைந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அதனால் மதிப்பீட்டாளரை வைத்து மதிப்புப் போடுகிறார்கள், கீழ்விலை வைக்கிறார்கள். அப்படியிருக்க, மூன்று லட்சம் ரூபாய்ச் சாமானை முன்பின் தெரியாத ஒருவருக்குப் பதினைந்தாயிரத்துக்குக் கொடுக்க அங்கே யாருக்கு என்ன தேவை? ‘கஸ்டம்ஸ்ல எனக்கு ஆள் இருக்கு’ என்று சொல்கிறவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்.

தேவகோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். தேக்கு தேவைப்பட்டது. துறைமுகத்தில் பர்மாத் தேக்குக் கட்டைகள் ஒரு கண்டெய்னர் நிறையக் கேட்பாரற்றுக் கிடக்கிறது, ஏலத்துக்கு முன்னாலேயே முடித்துத் தருகிறோம் என்று அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய். கட்டியதும் ஜிஎஸ்டி. அதைக் கட்டியதும், வெளிநாட்டு மரம் என்பதால் பூச்சித் தடுப்புச் சான்றிதழுக்குப் பணம். பிறகு லாரி இன்ஷூரன்ஸ். ஒவ்வொன்றுக்கும் அசோகச் சக்கர முத்திரை போட்ட கடிதம் வேறு. அவர் என்னிடம் வந்தபோது கடைசித் தவணைக்காக நகையை அடகு வைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

“அண்ணே, கட்டையைப் பாத்தீங்களா?”

“வீடியோ அனுப்புனாங்க தம்பி. நல்ல கட்டை.”

“நேர்ல?”

“ஹார்பருக்குள்ள வெளியாளை விட மாட்டாங்களாம்.”

உண்மையான ஏலத்தில் சரக்கைப் பார்ப்பதற்கென்றே நாள் குறித்திருப்பார்கள். அறிவிப்பிலேயே அது இருக்கும். ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்கிற நிபந்தனையில்தான் இந்தச் சரக்குகளை விற்கிறார்கள். எடுத்த பிறகு உளுத்திருக்கிறது, எண்ணிக்கை குறைகிறது என்று திருப்பிக் கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட விற்பனையில் பார்க்க விடாமல் பணம் வாங்குகிறார்கள் என்றால் அது ஏலமே இல்லை. வீடியோவில் தெரிந்த கட்டை உலகத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம்.

அண்ணன் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. முறையான ஏலத்தில் முன்பணம் எவ்வளவு, வரி எவ்வளவு, எத்தனை நாளுக்குள் மீதியைக் கட்ட வேண்டும், எத்தனை நாளுக்குள் சரக்கை எடுக்க வேண்டும், தாமதித்தால் தரை வாடகை எவ்வளவு எல்லாமே ஏலத்துக்கு முன்பே நிபந்தனைப் பட்டியலில் அச்சாகியிருக்கும். ஏலம் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வந்துவிடும். பணம் கட்டக் கட்டப் புதிதாக ஒரு கட்டணம் முளைப்பது மோசடியில் மட்டும்தான். முதல் தொகையை இழந்துவிடக் கூடாதே என்கிற பயத்தில்தான் மனிதர்கள் இரண்டாவதைக் கட்டுகிறார்கள். அந்தப் பயத்தைத்தான் அவர்கள் விலைக்கு விற்கிறார்கள். அண்ணன் அன்றைக்கு அடகுக் கடைக்குப் போகவில்லை. போன பணம் போனதுதான்.

துறைமுகச் சரக்குகளும் அரசு நிறுவனங்களின் பழைய சாமான்களும் இப்போது பெரும்பாலும் இணையவழி ஏலத்தில்தான் போகின்றன. 1964இல் தொடங்கிய எம்எஸ்டிசி என்கிற மத்திய அரசு நிறுவனத்தின் தளம் இதில் முக்கியமானது. அதில் பான் கார்டு முதலான விவரங்களைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், அதன் பிறகுதான் விலை கேட்க முடியும். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும்; ஒரு தனிமனிதரின் ஜிபே எண்ணுக்குப் போகாது. இதே தளங்களைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் உலவுகின்றன. ஆகவே அனுப்பிய லிங்க்கைத் தொடாமல், முகவரியை நீங்களே எழுத்துக்கூட்டித் தட்டச்சுச் செய்து போங்கள். அங்கே அந்த ஏல எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சுங்கத்துறை கடிதத்தைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. 2019 நவம்பர் 8 முதல் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் தன் கடிதங்களில் ‘டின்’ என்கிற ஆவண அடையாள எண்ணைப் போடுகிறது. வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் கடிதம் உண்மையா என்று தெரிந்துவிடும். தேவகோட்டை அண்ணனுக்கு வந்த கடிதங்கள் எதிலும் அந்த எண் இல்லை. முத்திரை மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

விமான நிலைய சூட்கேஸ் விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குப் பூட்டிய சூட்கேஸ், உள்ளே லேப்டாப் இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கில் வருகிறதே, அது பல நாடுகளில் விமான நிலையங்களின் பெயரை மாற்றி மாற்றிப் போட்டு நடத்தும் ஒரே மோசடி. அவர்களுக்கு வேண்டியது உங்கள் ஐந்நூறு ரூபாய்கூட இல்லை, கார்டு விவரம்.

நகை ஏலம் வேறு மாதிரி. அங்கே கணக்கே போதும். நகைக்கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் மீட்காத நகையை ஏலம் விடும்போது, கடன் வாங்கியவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும், நிறுவனமே ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. கீழ்விலை என்பது 22 காரட் தங்கத்தின் முந்தைய 30 நாள் சராசரி விலையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது பல ஆண்டுகளாக இருந்துவந்த வரம்பு. அதாவது சந்தையில் ஒரு லட்சம் பெறும் சங்கிலி 85,000 ரூபாய்க்குக் கீழே ஏலத்துக்கே வராது. அதற்கு மேல்தான் கேட்பார்கள். ஏலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நகை வியாபாரிகள். தரகர் ஒருவர் ‘பாதி விலையில் ஏல நகை’ என்று சொன்னால், அது ஏல நகையாக இருக்க முடியாது. போலியாக இருக்கலாம், திருட்டாக இருக்கலாம்.

லாக்கர் சாமான் ஏலம் என்றும் இப்போது ஒரு கதை சுற்றுகிறது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த லாக்கர் விதிகளைப் படித்தால் அதன் பொய் புரியும். வாடகை மூன்று ஆண்டு பாக்கி என்றால் வங்கி லாக்கரை உடைக்கலாம். ஆனால் அதற்கு முன் நோட்டீஸ், ஆள் கிடைக்கவில்லை என்றால் பத்திரிகை விளம்பரம், உடைக்கும்போது அதிகாரியும் சாட்சிகளும், உள்ளே இருந்தவற்றுக்குப் பட்டியல். பிறகு எல்லாவற்றையும் சீல் வைத்து, வாடிக்கையாளர் வந்து கேட்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உடைத்த சாயங்காலமே யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் விற்க அங்கே இடமில்லை.

காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் உரிமை கோரப்படாத வண்டிகளை மாவட்டக் காவல்துறை ஏலம் விடுவதுண்டு. எஸ்பி அலுவலகத்திலிருந்து பத்திரிகையில் அறிவிப்பு வரும், வண்டியைப் பார்க்க நாள் தருவார்கள், முன்பணம் கட்டி நேரில் போய் ஏலம் கேட்க வேண்டும். அறிவிப்பின் தேதியை வைத்து அந்த அலுவலகத்திலேயே விசாரித்தால் போதும். இதில் இடைத்தரகருக்கு வேலையே இல்லை.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். தனியார் கிட்டங்கி. வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் மாத வாடகைக்குச் சாமானை ஒப்படைத்துவிட்டுப் போவது நம் நகரங்களிலும் வந்துவிட்டது. வாடகை நின்றுவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் இதற்கென்றே மாநிலச் சட்டங்கள் உண்டு. வாடகை பாக்கி என்றால் நோட்டீஸ் கொடுத்து, குறிப்பிட்ட காலம் காத்திருந்து, பொது ஏலத்தில் விற்கலாம். வாசலில் நின்று பார்க்கலாம், உள்ளே போய்த் தொடக் கூடாது. எடுத்தவர் ஓரிரு நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும். குடும்பப் புகைப்படம், சான்றிதழ் போன்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே பொதுவான வழக்கம். டிவியில் அந்த ஏலங்களைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் அப்படியே நடக்கும் என்று நினைக்கிறார்கள்.

நம் சட்டம் வேறு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில், அடகு வாங்கியவருக்கு, கடன் திரும்பாவிட்டால் நியாயமான நோட்டீஸ் கொடுத்து விற்கும் உரிமை 176ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. ஆனால் சாமானைப் பாதுகாப்பாக வைத்திருக்க ஒப்புக்கொண்டவர் நிலை அப்படியில்லை. பாக்கிக்காகச் சாமானைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமைகூட எல்லாருக்கும் தானாக வருவதில்லை. பிடித்து வைக்கும் உரிமையே இருந்தாலும் விற்கும் உரிமை அதற்குள் தானாக அடங்கிவிடாது. ஆகவே கிட்டங்கிக்காரர் விற்கிறார் என்றால், சாமான் போட்டவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அப்படி விற்கலாம் என்று எழுதியிருக்கிறதா, நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போனது, பதிவுத் தபால் ரசீது இருக்கிறதா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உண்மையான கிட்டங்கிக்காரர் காட்டுவார், ஏனென்றால் நாளை சொந்தக்காரர் வந்து நின்றால் அவருக்கும் அந்தக் காகிதம்தான் துணை. முடிந்தால் நானே இன்னொரு படி போவேன்: சாமான்காரரின் ஊரில் ஒரு வார்த்தை விசாரிப்பேன். எங்கள் பக்கம் அது முடிகிற காரியம். எந்த ஊர், எந்தக் கோயில் என்று தெரிந்தால் இரண்டு போனில் ஆள் கிடைத்துவிடும். நகரத்தார் குடும்பங்கள் பிரிந்து சேர்ந்திருக்கும் ஒன்பது நகரக் கோயில்களில் எதைச் சேர்ந்தவர் என்ற ஒரு தகவல் போதும், மலேசியாவில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கிட்டங்கி ஏலம் என்ற பெயரில் நடத்தும் சில விற்பனைகளில் ‘கலந்து வைப்பது’ நடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு நல்ல மரத் தொட்டில், ரவிவர்மா படம், இரண்டு மங்குத் தூக்கு. பின்னால் போர்வை போர்த்திய அட்டைப்பெட்டிகள். எடுத்துத் திறந்தால் பழைய துணியும் உடைந்த பிளாஸ்டிக்கும்தான். முன்னால் இருந்தவை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. எப்படித் தெரிந்துகொள்வது? தூசியைப் பார்க்க வேண்டும். பல ஆண்டு நகராத பொருளின் மேலும் அதைச் சுற்றியுள்ள தரையிலும் தூசி ஒரே மாதிரி படிந்திருக்கும். நேற்று வைத்த பெட்டிக்குக் கீழே தூசிக்கோடு இருக்காது. தரையில் இழுத்த தடம் இருக்கும். பூட்டைப் பார்க்க வேண்டும். பல வருஷம் திறக்காத பூட்டு என்கிறார்கள், ஆனால் சாவித் துவாரம் எண்ணெய் போட்டுப் பளபளக்கிறது. சித்தப்பா பெட்டியைத் திறக்கச் சொல்லி முதலில் முகர்ந்து பார்ப்பார். நாள்பட்டுப் பூட்டியிருந்த மரத்துக்கு ஒரு வாசனை உண்டு, புதுப் பாலிஷ் அதை மூடிவிடும்.

ஏலம் கேட்கும் இடத்திலும் கவனம் வேண்டும். எங்கள் ஊரில் ஏலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிள்ளையார் நோன்பு ஏலம். உப்பு, எலுமிச்சம்பழம் போன்ற மங்கலப் பொருள்களைக் கடை விலைக்குச் சம்பந்தமே இல்லாத தொகைக்குச் சந்தோஷமாகக் கேட்டு எடுப்பார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள், பணம் பொதுக்காரியத்துக்குப் போகிறது, யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டிய தேவையில்லை. அந்தப் பழக்கத்தோடு வியாபார ஏலத்தில் போய் உட்காரும்போதுதான் கஷ்டம். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து விலையை ஏற்றிவிடுகிறவர் விற்பவரின் ஆளாகவே இருக்கலாம். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. விற்பவர் தானோ தன் ஆளை வைத்தோ விலை கேட்பதாக இருந்தால் அதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் செய்தால் வாங்கியவர் அதை மோசடி என்று கொள்ளலாம். பொய்யாக விலை ஏற்றியிருந்தால் வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யலாம். சுத்தியல் விழும்வரை, நம் வழக்கில் ‘மூன்று தரம்’ சொல்லும்வரை, கேட்ட விலையை வாபஸ் வாங்கும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. இதைப் பலர் அறிவதில்லை. ஒரு தடவை கேட்டுவிட்டால் மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். முதல் சில பொருள்களுக்கு வாயே திறக்க மாட்டேன். யார் எல்லாப் பொருளுக்கும் கேட்கிறார், கேட்டும் எதையும் எடுக்காமல் இருக்கிறார் என்று பார்ப்பேன். எடுத்ததாகச் சொன்ன பொருள் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மேசைக்கு வந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

அப்புறம், பெட்டிக்குள் இருப்பதாகச் சொல்லும் அதிசயப் பொருள்கள். இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று தமிழ்நாடு முழுக்க எத்தனை குடும்பங்கள் இதில் அழிந்திருக்கின்றன! இரிடியம் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் ஓர் உலோகம், அவ்வளவுதான். அது அரிசியை இழுக்காது. பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், கமிஷன் மட்டும் கட்டுங்கள் என்பதும் இதே வகைதான். ரிசர்வ் வங்கியின் பெயரைப் போட்டே அது நடந்ததால், 2021இல் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது.

உண்மையிலேயே பழமையான பொருள் கிடைத்துவிட்டால் வேறு பொறுப்பு வருகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள்தான். மதிப்புள்ள ஓலைச்சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் 75 ஆண்டு போதும். உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சாமி விக்கிரகம் எதுவும் பெட்டிக்குள் தென்பட்டால் விலை பேச்சே வேண்டாம். அது எந்தக் கோயிலிலிருந்து வந்ததோ என்று போலீஸுக்குச் சொல்லிவிடுவதுதான் வழி. தமிழ்நாட்டில் இதற்கென்றே சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983 முதல் இயங்குகிறது.

எல்லாம் சரியாக இருந்து நீங்கள் ஒரு பெட்டியை முறைப்படி எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே கல்யாணச் சீர்முறைகளை எழுதிய முறைச்சிட்டை இருக்கும், கணக்கு நோட்டு இருக்கும், பர்மாவிலிருந்து வந்த கடிதம் இருக்கும், கல்யாணப் போட்டோ இருக்கும். உங்களுக்கு அவை காகிதம். யாரோ ஒரு ஆச்சி அவற்றைத் தேடிக்கொண்டிருக்கலாம். சித்தப்பா அவற்றைத் தனியே கட்டி, பெயர் எழுதி, அந்தந்த ஊர்க்காரர் யாராவது வரும்போது கொடுத்தனுப்புவார். அதற்குக் காசு வாங்கியதே இல்லை. அவர் கடைக்கு நல்ல சாமான் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எடுப்பதற்கு முன் முடக்க முடிந்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. சில மணி நேரம்தான் அந்த வாய்ப்பு. கூடவே உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். பரிமாற்ற எண், அவர்கள் அனுப்பிய கடிதம், குரல் பதிவு, அரட்டை எதையும் அழிக்காதீர்கள். மாவட்டத் தலைநகரில் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். ‘பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்’ என்று அதன் பிறகு யாராவது கூப்பிட்டால், அதுவும் அதே கும்பலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தேவகோட்டை அண்ணன் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று மூன்று வாரம் என்னைத் தவிர யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அதற்குள் அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஏமாந்து வந்து நின்றால், தயவுசெய்து முதலில் திட்டாதீர்கள். போனை எடுத்து அந்த எண்ணைப் போட்டுக் கொடுங்கள்.